சாயநீரும் சாகுபடியும்

நூலுக்கும் நெல்லுக்கும் வேண்டுவது ஒரே தண்ணீர்தான். தறியில் ஏறும் நூலை வெளுக்கவும், நிறமேற்றவும், அலசவும் தண்ணீர் வேண்டும். வயலில் நாற்று வேர் பிடிக்கவும், கதிர் முற்றவும் அதே தண்ணீர் வேண்டும். நெசவாளரும் விவசாயியும் அங்கத்தினர்களாக ஒருங்கே அமர்ந்திருக்கும் சங்கத்தில் இதை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால், ஒருவர் உபயோகித்து வெளியே விடும் நீர் மற்றொருவருடைய கிணற்றில் போய் ஊறினால் நேர்வது என்ன? அந்த நஷ்டத்தை ஏற்க வேண்டியவர் யார்? இக்கேள்விகளுக்குத் தமிழ்நாடு கடந்த நாற்பது ஆண்டுகளாகப் பெரும் விலை கொடுத்து விடை கண்டிருக்கிறது. அந்த விலையை நாமும் ஒருமுறை கொடுத்துக் கற்க வேண்டியதில்லை. பிறர் கற்றதை அறிந்துகொண்டாலே போதும்.

செஞ்சியின் நீர்வளம்

செஞ்சிக் கோட்டையை 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம், மராத்தியர் கால இராணுவ அரண்கள் பன்னிரண்டனுள் ஒன்றாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் அவற்றின் மதில்களையும் காண வருவோர் இனிப் பெருகுவர். அக்குன்றுகளின் அடிவாரத்தில் வாழும் நமக்கோ மதிலைக் காட்டிலும் முக்கியமானது தண்ணீர்.

நமக்கு வற்றாத ஆறு இல்லை. வராக நதி என்றும், சங்கராபரணி என்றும், செஞ்சியாறு என்றும் வழங்கப்படும் நம் ஆறு மழைக்காலத்தில் மட்டும் பெருகி ஓடுகிறது. 1950-களின் இறுதியில் கட்டப்பட்ட வீடூர் அணையில் தேங்கி, தமிழ்நாட்டு வயல்களோடு புதுச்சேரி வயல்களுக்கும் பாய்ந்து, பின்னர் கடலைச் சேர்கிறது. மற்றக் காலங்களில் நம் நெல்லுக்கும், மல்லாட்டைக்கும், கரும்புக்கும் ஏரியும் கிணறுமே கதி. நம் நிலத்தின் அடியில் இருப்பது கருங்கல். மக்கிய பாறையிலும், பாறையின் வெடிப்புகளிலும் தேங்கிய நீரே கிணற்றில் ஊறுகிறது. அந்த நீரின் அளவு கொஞ்சம். அது பெயர்ந்து செல்வதும் மெதுவாகத்தான். ஆகவே அதில் ஒருமுறை நஞ்சோ உப்போ இறங்கினால், வெளியேறப் பல மழைக்காலங்கள் ஆகும். பேராற்றங்கரை ஊர்களைக் காட்டிலும் நாம் அதிக எச்சரிக்கையோடு இருக்க வேண்டுவதற்கு இதுவே காரணம்.

நொய்யல் கற்பித்தது

செஞ்சிக் கடைத்தெருவில் நாம் வாங்கும் பனியன் பெரும்பாலும் திருப்பூரிலிருந்து வருகிறது. அந்தத் திருப்பூரின் நடுவே ஓடுவது நொய்யல் ஆறு. மேற்கு மலைத்தொடரில் வெள்ளியங்கிரி மலைப்பக்கம் தோன்றி, கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியே சென்று காவிரியில் கலக்கிறது.

1980-களுக்குப் பின் திருப்பூரின் பனியன் ஏற்றுமதி வேகமாக வளர்ந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வேலை கிடைத்தது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி கிடைத்தது. இந்த நன்மையை எவரும் மறுப்பதற்கில்லை. அதே வேகத்தில் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் பெருகின. அவற்றின் கழிவுநீர் ஓடைகளின் வழியே நொய்யலில் இறங்கியது.

கீழ்ப்பகுதி விவசாயிகளுக்குப் பாசனம் அளிக்கவென்று, சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே கட்டப்பட்ட அணை 1992-இல் பயனுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள் அது சாயநீர் தேங்கும் குட்டையாயிற்று. அணை வேண்டும் என்று கேட்பது விவசாயியின் வழக்கம். இந்த அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே மன்றாட வேண்டிய நிலை அங்கே வந்தது. சென்னிமலை கைத்தறிக்கும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பேர்பெற்ற ஊர். துணியால் வாழும் ஊரின் பக்கத்திலேயே துணியின் கழிவால் வயல் பாழாயிற்று.

கரூர்ப் பகுதி விவசாயிகள் 1996-இல் உயர்நீதிமன்றத்தை அணுகினர். நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் 2003-இல் மற்றொரு வழக்குத் தொடுத்தனர். சூழல் இழப்பை மதிப்பிடும் அதிகார அமைப்பு 2004-இல் விசாரித்து, 28,000-க்கு மேற்பட்ட விவசாயிகளுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் நஷ்டஈடு வழங்க வேண்டுமென்று கணித்தது. பட்டறைகளிலிருந்து ஒரு சொட்டுக் கழிவுநீரும் ஆற்றில் விழலாகாது என்று உயர்நீதிமன்றம் 2006 டிசம்பரில் கட்டளையிட்டது. உச்சநீதிமன்றம் 2009 அக்டோபரில் அதை உறுதி செய்தது. கட்டளை நிறைவேறாமற் போகவே, 2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாய, சலவைப்பட்டறைகள் எழுநூறுக்கு மேற்பட்டவற்றையும் மூடும்படி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

அந்நாளில் வருந்தியவர்கள் விவசாயிகள் மட்டுமல்லர். பட்டறைக் கூலியாளும், தையல் தொழிலாளியும், வண்டியோட்டியும் வேலை இழந்து நின்றனர். ஆற்றைக் காவாமல் விட்டதன் பலன் முதலில் உழவரைத் தாக்கியது. இருபது ஆண்டு கழித்துத் தொழிலாளியையும் தாக்கியது.

நிறம் போயிற்று, உப்பு நின்றது

இந்த அழிவு நேர்ந்த விதத்தைச் சாயத் தொழில் அறிந்தவர்கள் எளிதில் உணரலாம். பருத்தி நூலுக்கு இன்று பெரிதும் உபயோகப்படுவது ரியாக்டிவ் சாயம். அது நூலில் ஏற உப்பு வேண்டும். உப்பு சாயத்தை நூலை நோக்கித் தள்ளுகிறது. ஆனால் அது நூலில் தங்குவதில்லை. இட்ட உப்பு முழுவதும் அலசு நீரோடு வெளியேறிவிடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொட்டியில் 1 கிலோ நூலுக்கு 20 லிட்டர் நீர். அடர்ந்த நிறத்துக்கு லிட்டருக்கு 50 கிராம் உப்பு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1 கிலோ நூலுக்கு 1 கிலோ உப்பு கழிவில் போகிறது. குடிநீரில் கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பதே நலம் என்பது இந்தியத் தர நிர்ணயம். 1 கிலோ உப்பை அந்த அளவுக்கு நீர்க்கச் செய்ய, உப்பே இல்லாத நல்ல நீர் 2,000 லிட்டர் தேவை. நாளொன்றுக்கு 100 கிலோ நூலுக்குச் சாயமேற்றும் ஒரு சிறு பட்டறை, ஆண்டுக்கு 300 நாள் நடந்தால், 30 டன் உப்பை வெளியே விடுகிறது. எழுநூறு பட்டறைகள் விட்டதை எண்ணிப் பாருங்கள்.

திருப்பூரில் 1990-களின் இறுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்படுத்தப்பட்டன. அவை சுண்ணாம்பும் இரும்புக் கந்தகையும் இட்டு நிறத்தைப் படிய வைத்தன. அழுகும் பொருளைக் குறைத்தன. வெளியேறிய நீர் பார்வைக்குத் தெளிந்தது. ஆனால் கரைந்த உப்பு அவ்வழியில் நீங்குவதில்லை. நிறம் மறைந்ததால் ஆபத்தும் மறைந்தது என்று நம்பியதில் பல ஆண்டுகள் வீணாயின. நம் அங்கத்தினர்கள் இதை நன்றாக மனத்தில் இருத்த வேண்டும். நீரின் நலத்தைக் கண்ணால் மட்டும் அளக்க முடியாது.

உப்புநீர் பாய்ந்த வயலில் இரண்டு கேடுகள் நேருகின்றன. முதலாவது, மண்ணில் உப்பு மிகுந்தால் வேர் நீரை உறிஞ்ச இயலாமல் போகிறது. ஈரம் இருந்தும் பயிர் வாடுகிறது. இரண்டாவது, உப்பிலுள்ள சோடியம் மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தை விலக்கிவிட்டு அதன் இடத்தைப் பிடிக்கிறது. களிமண் துகள்கள் பிரிந்து குழைந்து, காய்ந்தபின் கெட்டியாகின்றன. மழைநீர் உள்ளே இறங்குவதில்லை, நிலம் களராகிறது. தென்னை ஓரளவு தாங்கும். நெல்லும் மல்லாட்டையும் அதிகம் தாங்கமாட்டா. களரைத் திருத்த ஜிப்சம் இடலாம் என்பது உண்மையே. ஆனால் ஜிப்சம் இட்டபின் கழுவி வெளியேற்ற நல்ல தண்ணீர் வேண்டும். கிணறே உப்பாகிவிட்ட இடத்தில் அந்த நல்ல தண்ணீருக்கு எங்கே போவது?

உடலுக்கு வரும் கேடு

சாயத்தொழிலால் வரும் நோயைப் பற்றிய அறிவு புதிதன்று. செயற்கைச் சாயத்தை இங்கிலாந்தில் பெர்க்கின் என்பவர் 1856-இல் கண்டுபிடித்தார். 1895-இல் ஜெர்மனியில் ரேன் என்னும் அறுவை மருத்துவர், சாயத் தொழிற்சாலை வேலையாட்களுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வருவதை எடுத்துக்காட்டினார். அஸோ சாயங்களில் சிலவகை சிதையும்போது புற்றுநோய் விளைக்கும் பொருள்கள் உண்டாகின்றன. இந்திய அரசாங்கம் 1990-களில் 112 சாயங்களை உபயோகிக்கலாகாது என்று தடை செய்தது. ஆகவே பெயரும் தயாரிப்பாளர் விவரமும் இல்லாத பொட்டலச் சாயத்தை மலிவு கருதி வாங்குவது அறிவுடைமை ஆகாது. வெளுக்கும் தொட்டியிலிருந்து எழும் குளோரின் ஆவி கண்ணையும் நுரையீரலையும் வருத்தும். கழிவுத் தொட்டியில் கந்தக வாயு தேங்கி நிற்கும். அதனுள் இறங்கிய மனிதர் சில நொடியில் மயங்கி விழுந்து உயிர் துறப்பதுண்டு. ஒருவரைக் காக்க இறங்கிய மற்றவரும் மடிவதுண்டு. எக்காரணத்தாலும் எவரையும் அத்தொட்டியில் இறங்க விடலாகாது.

நமக்கு வடக்கே பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கதையும் இத்தகையதே. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் வழங்கிய வேலூர்த் தீர்ப்பு, அவ்வட்டாரத்தில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதைச் சொல்லும் ஆய்வை எடுத்துக் காட்டியது. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை ஒன்று, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவை விட்டுச் சென்றது. முதலாளி போய்விட்ட பின்னும் கழிவு கிடந்து, மழையில் கரைந்து நிலத்தடி நீரில் இறங்கியது. குரோமியத்தின் நச்சு வடிவம் தோலில் புண்ணையும், நெடுநாள் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோயையும் விளைக்க வல்லது. 2015 ஜனவரி இறுதியில் அதே ராணிப்பேட்டையில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் நள்ளிரவில் இடிந்து, பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் மாண்டனர்.

மண்ணை மீட்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஜப்பான் ஓர் எடுத்துக்காட்டு. அங்கே ஜின்சு ஆற்றில் ஒரு சுரங்கத்தின் காட்மியக் கழிவு கலந்து நெல்வயல்களில் பாய்ந்தது. அந்த அரிசியை உண்டவர்களுடைய எலும்புகள் நொறுங்கின. வலி தாளாமல் அவர்கள் கதறியதால் அந்நோய்க்கு ‘இத்தாய் இத்தாய்’, அதாவது ‘வலிக்கிறது வலிக்கிறது’ என்றே பெயர் வந்தது. ஜப்பானிய அரசாங்கம் 1968-இல் அதை மாசினால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டது. கெட்டுப்போன வயல்களின் மண்ணைத் திருத்தும் வேலை 1979-இல் தொடங்கி 2012-இல்தான் முடிந்தது. செல்வமும் விஞ்ஞானமும் மிக்க நாட்டுக்கே முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின.

சட்டம் சொல்வது

வேலூர்த் தீர்ப்பு இரண்டு கொள்கைகளை நாட்டின் சட்டமாக்கியது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைச் செலுத்த வேண்டும் என்பது ஒன்று. பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு கொடுப்பதோடு, கெட்ட நிலத்தையும் நீரையும் சீர்ப்படுத்தும் செலவும் அவரையே சாரும். வருமுன் காத்தல் என்பது மற்றொன்று. கேடு நேரும் என்பதற்கு முழுச் சான்று கிடைக்கும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும். தன் தொழிலால் தீங்கில்லை என்று காட்டும் பொறுப்பு தொழில் நடத்துவோருடையது. 2025 ஜனவரியில் பாலாற்றைப் பற்றிய மற்றொரு வழக்கிலும் உச்சநீதிமன்றம் இவற்றை வலியுறுத்தியது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அதே ஆற்றுக்காக மீண்டும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். தீர்ப்பு வேண்டுவதுதான்; ஆயினும் தீர்ப்பு வருவதற்குள் ஒரு தலைமுறை கழிந்துவிடுகிறது.

பட்டறையும் வாழலாம்

அப்படியானால் சாயத்தொழிலே கூடாதா? அவ்வாறு சொல்வது நம் நோக்கமன்று. நிறமில்லாத சேலையை எவர் வாங்குவர்? மூடப்பட்ட திருப்பூர்ப் பட்டறைகள் பின்னர் திறக்கப்பட்டன. எப்படித் திறக்கப்பட்டன என்பதில்தான் பாடம் இருக்கிறது. தனித்தனியே எந்தச் சிறு பட்டறையாலும் வாங்க இயலாத யந்திரங்களைப் பலர் கூடி அமைத்தனர். 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மாநில அரசாங்கம் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அளித்தது. கழிவுநீரை நுண்ணிய சவ்வுகளின் வழியே அழுத்திச் செலுத்தி நல்ல நீரைப் பிரிக்கிறார்கள். எஞ்சியதை ஆவியாக்கி உப்பைத் திரும்பப் பெறுகிறார்கள். அந்த நீரும், உப்பில் ஒரு பகுதியும் மறுபடியும் சாயத்தொட்டிக்கே போகின்றன. கலப்பு உப்பும் கசடும் இன்னும் மூட்டை மூட்டையாகத் தேங்கிக் கிடப்பதால் பிரச்சினை முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. இருந்தாலும், முடியாது என்று முன்பு சொல்லப்பட்ட காரியம் கூட்டு முயற்சியால் முடிந்தது.

இம்முறைக்கு மின்சாரச் செலவு மிகுதி. அச்செலவு துணியின் விலையில் ஏறத்தான் வேண்டும். சுத்திகரிக்காமல் விட்ட துணி மலிவாகத் தோன்றலாம். உண்மையில் அதன் செலவில் ஒரு பங்கு விவசாயியின் கிணற்றிலும், அவர் மனைவி தண்ணீர்க் குடத்தோடு நடக்கும் தூரத்திலும், குழந்தையின் மருத்துவத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தின் பேரேட்டில் ஓர் அங்கத்தினரின் லாபத்தை மற்றோர் அங்கத்தினரின் நஷ்டத்தால் காட்டுவதற்கு இடமில்லை. ஊருக்கும் அந்நியாயம் ஏற்றதன்று.

நாம் செய்யத் தக்கவை

நொய்யல் கரையில் கெடுபிடி மிகுந்தபின், கண்காணிப்புக் குறைந்த வேறு மாவட்டங்களை நாடிச் சில பட்டறைகள் சென்றன. தண்ணீரும் மலிவான நிலமும் உள்ள எந்த ஊரும் தனக்கு இது நேராது என்று இருந்துவிட முடியாது. செஞ்சி வட்டாரத்தில் இன்று செய்ய வேண்டியவை எளியவை. அதிகச் செலவும் இல்லை.

முதலாவது, கிணற்றுக்குக் கணக்கு வையுங்கள். வேளாண்மைத் துறையின் மண் ஆய்வுக்கூடத்தில் பாசன நீரையும் பரிசோதித்துத் தருவர். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டபின், அந்த நீராலேயே அலசிய சுத்தமான புட்டியில் நீரைப் பிடித்து, தேதியும் கிணற்றின் விவரமும் எழுதி அனுப்புங்கள். மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை, ஆண்டுதோறும் இதைச் செய்யுங்கள். மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 3 டெசி சீமன்ஸைத் தாண்டினால் பாசனத்துக்குக் கடும் கேடு. நீர் கெட்டபின் எடுத்த முடிவு கெடுதலை மட்டுமே காட்டும்; கெடுமுன் எடுத்த முடிவு இருந்தால்தான் அது எப்போது, எதனால் வந்தது என்பதை மெய்ப்பிக்கலாம்.

1993-இல் பிரியும்வரை நம்மோடு ஒரே மாவட்டமாயிருந்த கடலூரில், சிப்காட் தொழிற்பேட்டையை அடுத்த கிராமத்தார் 2004-இல் பயிற்சி பெற்று, ஒரு வாளியைக் கொண்டு அமைத்த கருவியில் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினர். அதில் 22 இரசாயனங்கள் இருந்தன. அவற்றுள் 8 புற்றுநோய் விளைப்பவை. நாற்றம் என்று பல ஆண்டுகள் சொல்லியும் கேளாதவர்கள், எண்ணிக்கையைக் கண்டபின் கேட்டனர்.

இரண்டாவது, நூலுக்குச் சாயமேற்றும் அங்கத்தினர்கள் உப்பையும் சாயத்தையும் கைக்கணக்கில் போடாமல் நிறுத்துப் போடுங்கள். கடைசி அலசல் நீரை வீணாக்காமல் அடுத்த சிட்டத்தின் முதல் அலசலுக்கு உபயோகியுங்கள். கையுறை அணியுங்கள். கொல்லையில் குழி வெட்டிச் சாயநீரை ஊறவிடுவது எல்லாவற்றிலும் கேடானது. அது நேரே கிணற்றுக்குத்தான் போகும். தனித்தனித் தொட்டிகளை விட்டுச் சங்கத்தின் பேரில் ஒரே பொதுச் சாயச்சாலையும், அதற்கேற்ற சுத்திகரிப்பும் அமைப்பதே நிலையான வழி.

மூன்றாவது, புதிய தொழிற்சாலை எது வந்தாலும் வரவேற்குமுன் கிராம சபையில் கேளுங்கள். நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் எடுப்பீர்கள்? எதைத் திருப்பி விடுவீர்கள்? உப்பும் கசடும் எங்கே போகும்? 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, நிறுவுவதற்கு ஒன்றும் இயக்குவதற்கு ஒன்றுமாக, பெற்றாயிற்றா? ஆறு, ஏரி முதலிய நீர்நிலைகளுக்கு 1 கிலோமீட்டருக்குள் பெரிதும் மாசு விளைக்கும் தொழிலுக்கு இடமில்லை என்று 1989-இல் தமிழ்நாடு அரசாங்கம் ஆணை பிறப்பித்தது. இக்கேள்விகளைத் தொழிலுக்கு விரோதம் என்று எண்ண வேண்டாம். நேர்மையாக நடத்துவோருக்கு இவற்றுக்கு விடை சொல்வதில் சங்கடம் இராது.

ஒரத்துப்பாளையத்து விவசாயிக்கும் திருப்பூர்த் தொழிலாளிக்கும் நீதிமன்றத்தில்தான் ஒருவரையொருவர் சந்திக்க நேர்ந்தது. நம் நெசவாளரும் விவசாயியும் மாதந்தோறும் சங்கக் கூட்டத்தில் சந்திக்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தத்தம் கிணற்று நீரில் ஒரு புட்டி கொண்டுவந்தால், அன்றே கணக்கைத் தொடங்கிவிடலாம்.